கரையோர முழுக்கு – 11: ஒரு துளி உமிழ்நீர்

மரக்காணம் உப்பளத்தில் நடுப்பகல். பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்தது. வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைந்தது.

நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வேலையை நிறுத்திவிட்டுக் கரையேறினார். குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டார். தலையை அண்ணாந்து, சொம்பு உதட்டில் படாமல், ஒரே சீராகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டுகூட மேலே சிந்தவில்லை. பிறகு என்னிடம் நீட்டினார். தாகத்தில் சொம்பை நான் உதட்டருகே கொண்டுபோனேன்.

"தூக்கிக் குடிங்க. இன்னும் நாலு பேரு குடிக்கணுமில்ல" என்றார்.

கோபமில்லை, கண்டிப்புமில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள்தான் இந்த வாரக் கதை முழுவதும் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியில், 1704ஆம் ஆண்டு, ஒரு துளி உமிழ்நீருக்காகவும் ஒரு சிட்டிகை உப்புக்காகவும் தொடங்கிய வழக்கு ரோமாபுரியை 40 ஆண்டுகள் விடாமல் அலைக்கழித்தது.

* * *

விட்ட இடத்தைத் தொட்டுக்கொள்வோம்.

முத்துக்குளித்துறையில் 1542 முதல் பிரான்சிஸ் சவேரியார் கை ஓயும்வரை தலைகளில் தண்ணீர் ஊற்றினார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களை ஊரார் 'பரங்கிக் குலத்தில் சேர்ந்தவர்கள்' என்றார்கள். ஞானஸ்நானத்தின்போது கேட்கப்படும் கேள்வியையே, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று மொழிபெயர்த்துக் கேட்ட காலம் அது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அந்தச் சொல்லை அறுத்தெறிய நினைத்தார். காவி உடுத்தார், சைவ உணவுக்கு மாறினார், தமிழும் வடமொழியும் கற்றார். கிறிஸ்தவனாவதற்குக் குலத்தை விட வேண்டியதில்லை என்றார். குடுமி, பூணூல், சந்தனம், குளியல் ஆகியவற்றைத் தொடர 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15ஆம் கிரகோரி அனுமதி தந்தார்.

சென்ற வாரம் ஓரியூரில் நின்றோம். மறவர் குலத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4 அன்று, அந்த ஞானஸ்நானத்தைக் கொடுத்த அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவின் தலை ஓரியூரில் வெட்டப்பட்டது.

ஒரு முழுக்கு அரண்மனைவரை எட்டும் என்பதை மறவர் நாடு பார்த்துவிட்டது. அது ரோம் வரையும் எட்டும் என்பதைப் புதுச்சேரி பார்க்கப்போகிறது.

* * *

இன்று ஞானஸ்நானம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது தண்ணீரின் அளவு பற்றிய வாதம். பெந்தெகொஸ்தே சபையார் ஆளைக் கடலிலோ ஆற்றிலோ இறக்கி முழுக வைக்கிறார்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெரும்பாலும் தலையில் ஊற்றுகிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கலாமா, விவரம் தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டுமா என்பது இன்னொரு பெரும் பிரிவினை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஊற்றியதே போதும் என்பார், தங்கை மறுபடி முழுகிவிட்டு வருவார். அப்படிப் பேச்சு நின்றுபோன வீடுகள் இந்தக் கரையில் உண்டு.

1704இல் வாதம் தண்ணீரைப் பற்றியதே இல்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் நடப்பவை பற்றியது.

1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூலின்படி ஒரு ஞானஸ்நானம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால்தான் பிரச்சினை புரியும்.

கோவில் வாசலில் குருவானவர் நிற்கிறார். எதிரில் ஞானஸ்நானம் பெற வந்தவர். குருவானவர் குனிந்து அவர் முகத்தில் மூன்று முறை மெல்ல ஊதுகிறார். தீய ஆவி விலக வேண்டும் என்பது அதன் பொருள். பிறகு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம். அடுத்து, மந்திரித்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கிறார். உப்பு ஞானத்தின் அடையாளம், கெடாமல் காப்பது.

பிறகு, குருவானவர் தம் கட்டைவிரலை நாவில் தொட்டு ஈரமாக்கிக்கொள்கிறார். அந்த ஈர விரலால் எதிரில் நிற்பவரின் இரு காதுகளையும் மூக்கையும் தொடுகிறார். 'எப்பேத்தா', திறக்கப்படு என்கிறார்.

இது வெறும் வழக்கமாக வந்ததில்லை. காது கேளாத, பேச்சு குழறிய ஒருவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணமாக்கியதை மாற்கு எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. பிறவிக் குருடனின் கண்ணில் அவர் உமிழ்நீரால் குழைத்த மண்ணைப் பூசியதை யோவான் சொல்கிறார். அந்தத் தொடுதலைத்தான் குரு திரும்பச் செய்கிறார்.

இதெல்லாம் முடிந்து, சாத்தானை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து, எண்ணெய் பூசிய பிறகுதான் தண்ணீர்.

மதுரை மிஷனிலும், புதுச்சேரிக்கு மேற்கே பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியிருந்த கர்நாடக மிஷனிலும், நொபிலியும் அருளானந்தரும் சேர்ந்திருந்த இயேசு சபையார் இவற்றில் சிலவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவந்தார்கள். எச்சில் வேண்டாம், ஊதுவது வேண்டாம், சில இடங்களில் உப்பும் வேண்டாம். தண்ணீரும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரும் இருந்தால் ஞானஸ்நானம் செல்லும். மற்றவை அழகு சேர்ப்பவை, உயிர் அல்ல. இது அவர்கள் வாதம்.

* * *

எச்சிலைப் பற்றி ஒரு தமிழனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒருவர் கடித்த பழத்தை இன்னொருவருக்குத் தருவதில்லை. சாப்பிட்ட இலையைத் தொட்டால் கை கழுவுகிறோம். சொம்பைத் தூக்கிக் குடிக்கிறோம். அதற்குள் சுத்தமும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாதபடி காலம் பிசைந்து வைத்திருக்கிறது.

ஆனால் நம்மிடமே இன்னொரு கதையும் உண்டு. காளத்தி மலையில் கண்ணப்பர் வாயில் நீரை முகந்து வந்து சிவலிங்கத்தின் மேல் உமிழ்ந்து நீராட்டினார். தாம் மென்று சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார். ஆகம வழி வந்த பூசாரி பதறினார், இறைவன் ஏற்றுக்கொண்டார். பெரியபுராணம் அவரை நாயன்மாராக்கியது. தாய் மென்று கொடுக்கும் சோற்றை எச்சில் என்று எந்தக் குழந்தையும் ஒதுக்கியதில்லை.

ஆகவே தமிழர்கள் எச்சிலை எந்த நிலையிலும் ஏற்க மாட்டார்கள் என்று இயேசு சபையார் சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்ளமாட்டேன். யாருடைய எச்சில், யார்மேல் என்பதுதான் கேள்வி. மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் உமிழ்வதற்கும், அன்பு கொண்டவர் ஊட்டுவதற்கும் நடுவே பெரிய கடல் கிடக்கிறது.

குருக்களுக்கு இன்னொரு பயம் இருந்தது. நொபிலி வழி வந்தவர்கள் தாங்கள் பரங்கி அல்ல என்று சொல்லித்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். சந்நியாசியாக நிற்பவர் திடீரென்று விரலை நாவில் நனைத்து எதிரில் நிற்பவரின் முகத்தைத் தொட்டால், 'இவர் யார், என்ன குலம்?' என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த அன்றே அவர்கள் வேலை முடிந்துவிடும். எச்சிலை விட்டதில் மக்களின் அருவருப்புக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தப் பயத்துக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

* * *

1703 நவம்பர் 6. புதுச்சேரிக் கடலில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டது.

இறங்கியவர் சார்ல் தோமா மையார் தெ தூர்னோன். தூரின் நகரத்துப் பிரபு குடும்பம். 35 வயதுகூட நிறையவில்லை. அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை என்ற பட்டம் சூட்டி, தம்முடைய முழு அதிகாரமும் பெற்ற தூதராகப் பாப்பரசர் 11ஆம் கிளமெண்ட் அனுப்பிய ஆள். போகவேண்டிய இடம் சீனா. அங்கே கன்பூசியஸுக்கும் முன்னோருக்கும் கிறிஸ்தவர்கள் வணக்கம் செலுத்தலாமா என்ற சண்டை முற்றியிருந்தது. புதுச்சேரி வழியில் இருந்த துறைமுகம்.

அப்போதைய புதுச்சேரி நிம்மதியான ஊர் அல்ல. 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1699இல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கவர்னர் பிரான்சுவா மர்த்தேன் ஊரை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தார். கப்புச்சின் துறவிகளுக்கும் இயேசு சபையாருக்கும் ஆகாது. தமிழ்க் கிறிஸ்தவர்களின் பங்கு யாருக்கு என்பதில் தொடங்கிய உரசல் ஒவ்வொரு சடங்கிலும் எதிரொலித்தது.

தூர்னோன் புதுச்சேரியில் 8 மாதம் இருந்தார். உடம்பு சரியில்லை. உள்நாட்டுக்குப் போகவில்லை. தமிழ் தெரியாது. ஒரு கிராமத்து ஞானஸ்நானத்தையோ கல்யாணத்தையோ சாவு வீட்டையோ அவர் பார்க்கவில்லை. இயேசு சபையார் இருவரை அழைத்து விசாரித்தார். கர்நாடக மிஷனின் தலைவரான பிரெஞ்சுக்காரர் பூஷே, மதுரை மிஷனைச் சேர்ந்த இத்தாலியரான பெர்த்தோல்தி. இருவரும் இந்த மண்ணில் அலைந்து, அனுபவப்பட்டவர்கள். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் விடை சொன்னார்கள். அந்த விடைகளே தங்களுக்கு எதிரான சாட்சியாக மாறும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

அவர் ஆணையில் சாட்சியாகப் பெயர் சொல்லப்படுவது இந்த இருவர்தான். இருவரும் ஐரோப்பியத் துறவிகள். நாக்கில் உப்பு வாங்கியவர்கள், காதில் விரல் பட்டவர்கள், இரண்டும் படாமலே ஞானஸ்நானம் பெற்றவர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. இந்தத் தொடருக்காக இந்தக் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் முள்ளாக நிற்பது இதுதான்.

* * *

1704 ஜூன் 23.

மறுநாள் ஸ்நானக அருளப்பர் பிறந்த திருநாள். யோர்தான் ஆற்றில் மக்களை இறக்கி முழுக வைத்தவரின் விழாவுக்கு முந்திய நாளில், ஞானஸ்நானத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற ஆணையில் தூர்னோன் கையெழுத்திட்டார்.

முதலில் நின்றது சடங்குப் பிரச்சினை. ஞானஸ்நானத்தில் உப்பையும் உமிழ்நீரையும் ஊதுதலையும் விடக்கூடாது. மீறினால் திருச்சபைத் தண்டனை.

அவர் பக்கம் சட்டம் பலமாக இருந்தது. ஏற்கப்பட்ட சடங்குகளை ஒரு குரு தன் விருப்பப்படி விடவோ மாற்றவோ கூடாது என்று திரிதெந்தீன் சங்கம் 1547லேயே சொல்லிவிட்டது. ஒரு நாட்டில் எச்சிலை விட்டால், இன்னொரு நாட்டில் எண்ணெயை விடுவார்கள், கடைசியில் என்ன மிஞ்சும்? உலகம் முழுவதற்கும் ஒரே சடங்கு என்று நம்பும் ஒருவர் இப்படித்தான் யோசிப்பார். அதில் கள்ளம் இல்லை.

ஆணை அங்கே நிற்கவில்லை. ஞானஸ்நானப் பெயர் புனிதர் பட்டியலில் இருக்க வேண்டும், தெய்வங்களின் பெயர் கூடாது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது. மாதவிலக்கான பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் நன்மையிலிருந்தும் விலக்கக்கூடாது. சாணச் சாம்பல் பூசக்கூடாது. இந்துக் கோவில் திருவிழாக்களில் கிறிஸ்தவர்கள் மேளம் வாசிக்கக்கூடாது.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள், அது இன்றும் இருக்கிறது. பேதுருவை இராயப்பன் ஆக்கினார்கள், பவுலைச் சின்னப்பன் ஆக்கினார்கள், யோவானை அருளப்பன் ஆக்கினார்கள். புனிதர் பெயரும் ஆயிற்று, தமிழ்ப் பெயரும் ஆயிற்று. எந்த ஆணையும் தொட முடியாத இடத்தில் மொழி தன் வேலையைச் செய்துகொண்டது.

* * *

அந்த ஆணையில் இன்னொரு பிரிவு இருக்கிறது. தூர்னோனைக் குறை சொல்பவர்கள் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் குரு போக வேண்டும். அங்கேயே அவர்களுக்குத் திருவருட்சாதனங்களை அளிக்க வேண்டும்.

ஏன் இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது? பிராமண சந்நியாசி வேடத்தில் இருந்த குரு சேரிக்குள் கால் வைக்க முடியாது. வைத்தால் மேல்சாதியார் அவர் முகத்தில் விழிக்கமாட்டார்கள். அதனால் சாகக் கிடப்பவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பண்டாரச் சாமிகள் என்ற தனிப் பிரிவுக் குருக்கள் இருந்தார்கள், அருளானந்தரும் அந்த வழியில் வந்தவர்தான். ஆனாலும் கதவு திறந்தே இருந்தது என்று சொல்ல முடியாது.

எச்சில் வேண்டாம் என்று விட்ட அதே மனம்தான் இந்தச் சேரியையும் வேண்டாம் என்று விட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்று, தீட்டு. எச்சிலில் மக்களின் மனத்துக்கு மதிப்புக் கொடுத்தவர்கள், சேரி வாசலில் யாருடைய மனத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள்? இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. நொபிலியின் தமிழை நேசிக்கிறவன் நான். ஆனால் சாகக் கிடந்தவரைக் கட்டிலோடு வெயிலில் கொண்டுவந்து வைத்த அந்தக் காட்சியை அந்த நேசத்தால் மறைக்க முடியாது.

இதற்கு 41 ஆண்டுகள் கழித்து, 1745இல், புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றிய தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதினார். புனித பவுலின் பெயர் தேய்ந்து நாம் 'சம்பா கோவில்' என்று சொல்கிறோமே, அந்தக் கோவில்தான். அந்தச் சுவருக்கு நாம் பிறகு வருவோம்.

தமிழ் தெரியாத, ஊரைப் பார்க்காத ஒருவர் எச்சில் விஷயத்தில் மக்களின் மனத்தை மிதித்தார். அதே தாளில், அதே மையில், சேரிக்குள் போ என்றும் எழுதினார். அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று எனக்கு இன்னும் தீரவில்லை.

* * *

ஆணை கையெழுத்தானது ஜூன் 23. இயேசு சபைத் தலைவர்களிடம் அது கொடுக்கப்பட்டது ஜூலை 8.

தூர்னோன் கப்பலேறியது ஜூலை 11.

நடுவில் மூன்றே நாள். அந்த மூன்று நாளும் குருக்கள் அவர் வாசலில் நின்றார்கள். இதை அறிவித்தால் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்விடுவார்கள், ஊர்த் தலைவர்கள் எங்களைத் துரத்துவார்கள், ஒரு நூற்றாண்டு உழைப்பு மண்ணாகிவிடும் என்று மன்றாடினார்கள். கப்பலுக்குக் காற்று அமைந்திருந்தது. தூதருக்குச் சீனா காத்திருந்தது.

அது உப்பளங்களில் வேலை நடக்கும் பருவம். புதுச்சேரியிலிருந்து விலகிப்போன அந்தக் கப்பலில், மணிலா வழியாகச் சீனா போய்ச் சேரவிருந்த தூர்னோனுக்கு அங்கே காத்திருந்தது சிறைக்காவலும், 1710இல் மக்காவ்வில் மரணமும். இந்தக் கரைக்கு அவர் திரும்பவே இல்லை. அவர் விட்டுப்போன தாள் மட்டும் இங்கே இருந்தது.

குருக்கள் என்ன செய்வார்கள்? கீழ்ப்படிதல் என்ற வாக்குக் கொடுத்தவர்கள். பாப்பரசருக்குத் தனியாகவே வாக்குக் கொடுத்த சபை. நாளைக் காலை ஓர் உழவர் குடும்பம் ஞானஸ்நானத்துக்கு வந்து நிற்கும். அப்போது கட்டைவிரலை நாவில் தொடுவதா, வேண்டாமா?

பூஷேயும், மதுரை மிஷனில் நெடுங்காலம் உழைத்த போர்த்துக்கீசியர் பிரான்சிஸ் லைனெஸும் தங்கள் பக்கத்தைச் சொல்ல ரோமுக்குக் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டில் ஒரு விரல் ஈரமாகலாமா என்று கேட்பதற்காக இரண்டு பேர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ரோமிலோ 1706 ஜனவரி 7 அன்றே விசாரணைச் சபை தூர்னோனின் ஆணையை உறுதிசெய்தது. ஆனால் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. இதற்கு எதிராகச் சொல்ல ஏதாவது இருப்பவர்களைக் கேட்டபின் பாப்பரசர் வேறு முடிவு எடுக்கும்வரை இது செல்லும் என்றது.

கதவு சாத்தப்பட்டது, தாழ் போடவில்லை.

கேட்டபின் என்கிறது ரோம். யாரைக் கேட்கப்போகிறது? கடல் கடந்து வந்த இரண்டு வெள்ளைத் துறவிகளையா, அவர்களை எதிர்த்த கப்புச்சின்களையா, இல்லை, சொம்பைத் தூக்கிக் குடிக்கப் பழகிய வீட்டிலிருந்து வந்து கோவில் வாசலில் முகம் காட்டி நின்றவர்களையா?

(தொடரும்)